ஜீப் வண்டிக்கு வலிமை மிக்க பின் அச்சு

ஜீப்பின் சக்கரம் பாறையிடையே சிக்குங்கால், எஞ்சினின் முறுக்கு விசை பற்சக்கரங்களால் பன்மடங்கு பெருகி அச்சுத் தண்டைத் தாக்குகிறது. தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கேற்ப உயரும். ஆதலின், 30 மில்லிமீட்டர் தண்டினும், அதே எஃகாலான 33 மில்லிமீட்டர் தண்டு சுமார் 33 சதவீதம் மிகுதியாகத் தாங்கும்.

பின் அச்சு பெரும்பாலும் இருவகைப்படும். அரை மிதப்பு அச்சில் தண்டே வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. அது முறிந்தால் சக்கரம் கழன்றுவிடக்கூடும். முழு மிதப்பு அச்சில் பாரத்தை உறையே தாங்குவதால், தண்டு முறிந்தாலும் சக்கரம் நிலைத்து நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு இவ்வகையினதே.

மாற்று அச்சின் பற்சக்கர விகிதம் முன் அச்சினதற்கு ஒத்திருத்தல் இன்றியமையாதது. இன்றேல், நான்கு சக்கர இயக்கத்தில் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்துப் பற்சக்கரங்கள் சிதையும். வில் தகடுகளின் இடைவெளியையும் பிரேக் அமைப்பையும் ஒப்புநோக்கிய பின்னரே அச்சினைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.