நெருக்கடி காலத்தில் தங்கம்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 2025 அக்டோபரில் முதன்முறையாக 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சேமிப்பையெல்லாம் தங்கமாக்கி விடலாமா என்ற கேள்வி அதன் பிறகு பட்டணத்திலும் தோட்டப்புறத்திலும் பல குடும்பங்களுக்கு எழுந்திருக்கும். தங்கம் நல்ல காப்புதான். ஆனால் எப்போது, எந்த வடிவில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அது நமக்குக் கைகொடுக்கும்.

லிட்டில் இந்தியா நகைக்கடைகளின் விலைப்பலகையில் நாம் காணும் விலைக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று, டாலரில் உலக விலை. மற்றொன்று, ரிங்கிட்டின் மதிப்பு.

1997 ஆசிய நிதி நெருக்கடி இதற்குச் சரியான உதாரணம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலர் ஏறக்குறைய 2.50 ரிங்கிட், தங்கம் அவுன்ஸ் சுமார் 330 டாலர். 1998 ஜனவரியில் ரிங்கிட் 4.88 வரை சரிந்தது. அப்போது உலகச் சந்தையில் தங்கம் ஏறவில்லை. 300 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. இருந்தும் ரிங்கிட்டில் கணக்கிட்டால், கிராம் ஏறக்குறைய 27 ரிங்கிட்டிலிருந்து 44 ரிங்கிட்டாக உயர்ந்தது. நெருக்கடிக்கு முன்பே வாங்கி வைத்தவர்களைத் தங்கம் காப்பாற்றியது. பதற்றத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்களின் நிலை வேறு. செப்டம்பரில் ரிங்கிட் 3.80 என நிலைநிறுத்தப்பட்டபோது, அதே கிராம் 35 ரிங்கிட் அளவுக்கு வந்துவிட்டது.

2008 நெருக்கடியிலும் தங்கம் நேராக ஏறவில்லை. மார்ச்சில் 1,000 டாலரைத் தொட்டது, ரொக்கத்துக்காக முதலீட்டாளர்கள் விற்றதால் ஆண்டின் இறுதி மாதங்களில் 700 டாலர் அளவுக்கு இறங்கியது. 2011-இல் 1,900 டாலரை எட்டி, 2015 இறுதியில் 1,100 டாலருக்கும் கீழே போனது.

எந்த வடிவில் வாங்குவது?

நகைக்குச் செய்கூலி உண்டு. விற்கும்போது அது திரும்பி வராது. 10 கிராம் வளையலுக்கு 400 ரிங்கிட் கூலி கொடுத்தால், கிராமுக்கு 40 ரிங்கிட் விலை ஏறினால்தான் அந்தக் கூலியே ஈடாகும். கடைக்காரர் திரும்ப வாங்கும் விலையும் விற்பனை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். மகளின் திருமணத்துக்கு என்றால் 916 நகை வாங்குவதில் அர்த்தம் உண்டு. சேமிப்புக்கு மட்டும் என்றால் 999 தங்கக் கட்டியோ நாணயமோ ஏற்றது. 2001 முதல் வெளிவரும் கிஜாங் எமாஸ் நாணயத்தின் வாங்கும், விற்கும் விலைகளைப் பேங்க் நெகாரா வெளியிடுகிறது. வங்கிகளில் தங்க முதலீட்டுக் கணக்கும் உண்டு. ஆனால் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது.

மாத வருமானம் தரும் தங்கமா?

தங்கம் குட்டி போடுவதில்லை. அதை வைத்திருந்தால் வட்டியும் வராது. சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தங்கம் விற்று, மாதந்தோறும் பணம் தந்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஜெனீவா மலேசியா நிறுவனத்தை 2012 அக்டோபர் 1-ஆம் தேதி பேங்க் நெகாராவும் மற்ற அமலாக்கத் துறைகளும் சோதனையிட்டன. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தவித்துப் போயினர். தெரிந்தவரே வந்து சொன்னாலும், அந்த மாதப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடகுக்கடைக்குப் போகும் முன்

வேலை போனால் முதலில் தேவைப்படுவது ரொக்கம். அது கையில் இல்லாவிட்டால், வாங்கிய தங்கம் அடகுக்கடைக்குத்தான் போகும். மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. தவணைக்குள் மீட்காத நகை ஏலத்துக்குப் போகும்.

ஆகவே சில மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்துவிட்டு, மிஞ்சுவதில் ஒரு பகுதிக்கு மட்டும் தங்கம் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். ஒரே நாளில் மொத்தமாக வாங்காமல் சிறுகச் சிறுகச் சேருங்கள். எடை, தரம், கூலி மூன்றும் தனித்தனியே எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.