தீவகத்திலிருந்து சர்வதேச விவகாரம் கற்பது

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிலே, தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே, லண்டனிலோ வாஷிங்டனிலோ உள்ள பல்கலைக்கழகமொன்றின் சர்வதேச விவகார முதுமாணிப் பட்டத்தை இணையவழியாகக் கற்றுப் பெறலாம் என்பது இன்று விளம்பரங்கள் ஓயாது சொல்லும் விஷயம். அது உண்மைதான், ஆயினும் விளம்பரம் சொல்லாது விடுகின்றவற்றையும் பார்த்தபின் பணம் கட்டுவதே விவேகம்.

முதலில், இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் பெற்ற அரச சாசனம், எங்கிருந்து படித்தவரும் அதன் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெறும் வழியைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் ஆரம்பமான பல்கலைக்கழகக் கல்லூரிகூட, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, தன் மாணவரை லண்டன் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, தபாலில் வந்த பாடக்குறிப்புகளை இரவில் விளக்கடியில் வாசித்துப் பி.ஏ. ஆனவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர். நேரிலே சென்று கற்றவர்களும் உண்டு: 1913இல் இதே கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள், ரோமாபுரியில் இறையியலும் அண்ணாமலை நகரில் தமிழும் பயின்று, லண்டனிற் கலாநிதிப் பட்டமும் பெற்று, பின்னர் 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். இராஜதந்திரத்தில் பட்டம் பெறாமலே பல தேசத்து அறிஞர்களை ஒரு சபையில் அமர்த்திய அவருடைய சாமர்த்தியத்தை எந்தப் பாடநெறி கற்பிக்கும் என்பது வேறு கேள்வி.

பாடநெறியின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் இணையவழியில் நடத்தும் உலக இராஜதந்திர முதுமாணியை எடுத்துக்கொண்டால், இராஜதந்திரம் முதலிய பாடங்களும் இறுதியில் ஓர் ஆய்வேடும் அதில் அடங்கும். பிரித்தானிய முதுமாணிப் பட்டத்துக்கு வழக்கமான அளவு 180 புள்ளிகள். வாரந்தோறும் வாசிக்கவேண்டிய கட்டுரைகள், எழுத்திலான கலந்துரையாடல், ஒப்படைகள் என்று வேலை நீளும். தொழில் பார்ப்பவர் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக முடிப்பது கடினம். நேரடி வகுப்பு இருக்குமாயின் கடிகாரத்தையும் கவனிக்கவேண்டும். குளிர்காலத்தில் லண்டனில் மாலை ஆறு மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. வாஷிங்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாட் காலை ஆறரை. இந்த ஒரு விஷயத்தில், தூரத்து அமெரிக்காவே நமக்குச் சௌகரியமானது! ஆனால் சில அமெரிக்கப் பாடநெறிகளில் சில நாட்களேனும் நேரிற் சமூகமளிக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விசா கிடைக்குமா என்பதை யோசிக்காமற் சேர்ந்துவிடக் கூடாது.

கட்டணம் பவுணிலோ டொலரிலோ கணக்கிடப்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டிப் போனதை மறந்தவர் இங்கு எவருமிலர். பாதிப் படிப்பில் இருப்பவருக்கு அத்தகைய வீழ்ச்சி படிப்பையே நிறுத்திவிடக்கூடியது. தவணை தவணையாகக் கட்டும் வசதி, இடைநிறுத்திப் பின் தொடரும் உரிமை ஆகிய இரண்டையும் எழுத்திலே கேட்டுப் பெறுதல் அவசியம். பட்டத்தின் அங்கீகாரம் குறித்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம், சேருமுன்னரே, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் இணையவழி என்பதையும் குறிப்பிட்டுக் கடிதமூலம் விசாரித்துக்கொள்ள வேண்டும். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கு இது குறுக்குவழி என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை: அதற்குள் நுழைவது போட்டிப் பரீட்சை மூலமே, முதுமாணி அதற்குப் பதிலாகாது. தொண்டு நிறுவனங்களிலும் பத்திரிகைத் துறையிலும் அரசாங்க நிர்வாகத்திலும் ஏற்கெனவே இருப்பவருக்கே இதனால் உடனடிப் பிரயோசனம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். வெறும் பரிச்சயம் போதும் என்பவர், கொழும்பில் 1974இல் நிறுவப்பட்ட பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையத்தின் டிப்ளோமாக்களை முதலிற் பார்க்கலாம்.

இவ்வளவும் எந்த ஊராருக்கும் பொருந்தும். தீவகத்தாருக்கு மட்டும் வாய்த்த வசதி ஒன்று உண்டு: பாடப்புத்தகம் தேடி அலையும் உதாரணங்கள் இங்கே கண்ணெதிரே கிடக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்கும் திட்டம் 2021 ஜனவரியிற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது; தன் கரைக்கு இத்தனை அருகே சீனத்தின் பிரசன்னத்தை இந்தியா ஆட்சேபிக்க, அவ்வருஷக் கடைசியில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டிச் சீனம் அதை இடைநிறுத்தியது; 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம். மொத்தம் 2,230 கிலோவாட். பெருநகரங்களின் கணக்கிலே அற்பமான அளவு. அந்த அற்ப அளவுக்காக இரு வல்லரசுகள் முகம் சுளித்ததேன் என்று ஆராய்வதே ஒரு பருவப் பாடத்துக்குப் போதுமானது.

கச்சதீவும் அவ்வாறே. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்ட அச்சிறு தீவைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஜூன் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பிரயாண ஆவணமின்றி முன்போல வந்துபோகலாம் என்கிறது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களுக்கும் மற்றவர் கடலிற் பரம்பரையாக இருந்த உரிமையைப் பேசுகிறது. 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களோ, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடித்தலாகாது என்கின்றன. இம்மூன்றையும் பக்கத்திற் பக்கம் வைத்து, எது எதை மீறுகிறது, எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று வாதிப்பதுதான் சர்வதேசச் சட்டம் கற்பது. உடன்படிக்கை வாசகம் எந்த நூலகத்திலும் கிடைக்கும். இந்திய இழுவைமடிப் படகுகள் வந்துபோன மறுநாட் காலையில் அறுந்த வலையைக் கரையில் விரித்துப்போட்டுச் செப்பனிடுகிறவரின் வாக்குமூலம் தீவகத்துக் கரைகளிலேயே கிடைக்கும். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தெரிவுசெய்யும்போது, மேற்பார்வையாளர் தமக்குப் பழக்கமான உக்ரேனையோ தாய்வானையோ காட்டினாலும், மரியாதையுடன் மறுத்து இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.