பழைய கிளாரினெட்: விலையும் மதிப்பும்

விலை வேறு, மதிப்பு வேறு. விற்பவர் வாய்விட்டுச் சொல்வது விலை. ஒரு பொருள் நமக்கு எத்தனை காலம், எவ்வளவு செம்மையாகப் பயன்படும் என்பதே அதன் மதிப்பு. நூலை விரலால் நெருடிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடும் திருப்பூர் வட்டாரத்து மக்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், நூலை எடைபோடத் தெரிந்த கை, பழைய இசைக்கருவி ஒன்றை எடுத்ததும் தயங்குகிறது. கறுத்த குழல், மின்னும் சாவிகள், அயல்நாட்டுப் பெயர், குறைந்த விலை இவை நான்கும் சேர்ந்தால் யாருக்குத்தான் ஆசை பிறவாது? அந்த ஆசையின்மேல் சற்று அறிவொளி பாய்ச்சுவதே இப்பேச்சின் நோக்கம்.

கிளாரினெட் நமக்கு முற்றிலும் அந்நியமான வாத்தியம் அன்று. ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்து டென்னர் என்பார் 1700-ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் இது தமிழ்நாட்டிற்கு வந்து, சதிராட்டத்திற்குரிய சின்ன மேளத்தில் இடம்பெற்றது. மகாதேவ நட்டுவனார் இதனைப் புகுத்தினார் என்பர். பின்னர்த் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் இதனைத் தனிக் கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்த்திக் காட்டினார். 2008-இல் சங்கீத கலாநிதி விருதும் 2022-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. கல்யாண ஊர்வலங்களில் முழங்கும் பேண்டு வாத்தியத்திலும் இதன் குரலை நாம் கேட்டிருக்கிறோம்.

பழமை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது நாகசுரம். பழைய வீடுகளின் உத்தரத்தில் நெடுங்காலம் இருந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் நாகசுரம் கடைகின்றனர். அதுபோலக் கிளாரினெட்டும் பழையதாக ஆக உயர்ந்ததாகும் என்று எண்ணுவது தவறு. நாகசுரத்தில் முதிர வேண்டுவது மரம். கடைந்த பிறகு அதில் பழுதாகக்கூடிய இயந்திரப் பகுதி எதுவும் இல்லை. கிளாரினெட்டிலோ சாவிகள், வில்கம்பிகள், மெத்தைகள், தக்கைகள் எனத் தேயும் உறுப்புகள் பல. காலம் மரத்திற்கு நன்மை செய்தாலும் இவற்றிற்குத் தீமையே செய்யும்.

முதலில், குழல் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். சிறந்த கருவிகள் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனவை. தான்சானியா, மொசாம்பிக் நாடுகளில் வளரும் இம்மரம் நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அணசின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்கினால் மர ரேகை புலப்படும். எபோனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவையும் உண்டு. விரலால் சூடுபறக்கத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். நெடுநாள் வெயில் பட்டிருப்பின் பச்சை கலந்த பழுப்பு நிறம் பாய்ந்திருக்கும். எபோனைட் இழிந்தது என்று ஒதுக்கவேண்டா. வெயிலிலும் மழையிலும் ஊர்வலம் போகிறவருக்கு வெடிப்புக் காணாத எபோனைட்டே ஏற்றது. சாவிகளின் பளபளப்பைக் கண்டு வெள்ளி என மயங்கவும் கூடாது. பெரும்பாலும் அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பெயரில் உள்ள வெள்ளி பொருளில் இல்லை.

அடுத்து, சாவி அமைப்பு. பாரிஸ் நகரில் குளோசே, பூஃபே இருவரும் 1839-ஐ ஒட்டி வகுத்தது போம் முறை. அதில் பொதுவாக 17 சாவிகளும் 6 வளையங்களும் இருக்கும். வலக்கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் 4 சாவிகள். அதற்கு முந்திய எளிய முறையில் சாவிகளும் வளையங்களும் குறைவு; அவ்விரலுக்கு இரண்டே சாவிகள். மேனாட்டு இசையை இக்காலப் பாடநூல் கொண்டு கற்பவர் போம் முறையையே நாட வேண்டும். கர்நாடக இசையில் துளையை விரலால் சிறிது சிறிதாகத் திறந்து கமகம் பிடிக்க வேண்டியிருப்பதால், வளையம் குறைந்த பழைய முறை சிலருக்கு வசதியாகவே அமையும். ஆகவே ஒருவருக்கு ஆகாத கருவி மற்றொருவருக்கு ஆகும்.

மூன்றாவது, பலரும் அறியாமல் ஏமாறுவது சுருதி. பிரிட்டிஷ் படைப் பேண்டுகள் 1920-களின் இறுதிவரை உயர்ந்த சுருதியில் வாசித்தன. அதில் ஏ என்னும் சுரத்தின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 452. உலகம் 1939-இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்டது 440. இவ்வேறுபாடு அரைச் சுரத்தில் ஏறத்தாழப் பாதி. பழைய ஆங்கிலக் கருவிகளில் எச். பி. என்ற இரண்டெழுத்து முத்திரை இருப்பின் அது உயர் சுருதிக் கருவி. முத்திரை இல்லையேல் அளந்து பார்க்கலாம்: சாதாரண பி பிளாட் கிளாரினெட் ஊதுமுனை நீங்கலாக ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இருக்கும், உயர் சுருதிக் கருவி சுமார் 2 சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். இணைப்பைச் சிறிது வெளியே இழுத்துச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். அது முடியாது. இழுத்த நீளம் எல்லாச் சுரங்களுக்கும் ஒன்றே. ஆனால் குட்டையான காற்றுத்தம்பத்தில் பிறக்கும் சுரம் மிகுதியாகவும், நீண்டதில் பிறப்பது குறைவாகவும் இறங்கும். எனவே சுரங்களின் உறவே குலைந்துவிடும். இத்தகைய கருவி குழுவில் சேர்ந்து வாசிக்க உதவாது. சுருதிப் பெட்டியை அதற்கேற்பக் கூட்டிக்கொண்டு தனியே வாசிக்கலாம்.

நான்காவது, உடல்நிலைச் சோதனை. மேல்குழலில், குறிப்பாகச் சாவித் துளைகளின் ஓரத்தில், மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு மேல்குழலைத் தனியே எடுத்துத் துளைகளை விரல்களால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய பிடிப்பு சில வினாடி நின்றால் மெத்தைகள் நன்றாக இருக்கின்றன; உடனே தளர்ந்தால் காற்று கசிகிறது. வில்கம்பிகளில் துரு, ஊதுமுனையின் விளிம்பில் சிதைவு, இணைப்புகளில் ஆட்டம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். தக்கை உதிர்ந்திருப்பது பெருங்குறை அன்று. தக்கை வழக்கத்திற்கு வருமுன் அவ்விணைப்புகளில் பருத்தி நூலே சுற்றினர். மெழுகு தடவிய நூல் இன்றும் அவசரத்திற்கு உதவும். நூலுக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை!

இனிக் கணக்கு. 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியைச் செப்பனிட 4,000 ரூபாய் ஆகுமெனின் அதன் உண்மை விலை 5,000. ஆதலின் பணம் கொடுப்பதற்கு முன், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் பழுதுபார்ப்பவரிடமும் காட்டுவது நன்று. தெரிந்த தொழிற்சாலையின் பெயர் இருந்தால் மெத்தை முதலியன கிடைப்பது எளிது. பெயர் மட்டும் இருந்து உடல் வெடித்திருந்தால் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவே.

வாங்கிய பின்னும் பொறுமை வேண்டும். நெடுநாள் உலர்ந்த மரம் முதல் நாளே மணிக்கணக்கில் ஈரமூச்சுப் பட்டால் வெடிக்கும். தொடக்கத்தில் நாள்தோறும் சில நிமிடங்களே ஊதி, உள்ளே துடைத்து வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சுத்தமான பனியன் துணித் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். ஆனால் காற்றுக் கசியும் கருவியில் கற்கத் தொடங்கும் இளைஞன், ஓசை எழாதபோது கருவியைக் குறை கூறுவதில்லை. தனக்கு இசை வராது என்று தன்னையே குறை கூறிக்கொண்டு விலகிவிடுகிறான். இயல்பாக மலர்ந்திருக்க வேண்டிய ஒரு திறமை அங்கே கருகிப் போகிறது. அந்த இழப்பிற்கு எந்தக் கடையிலும் ஈடு கிடைக்காது. குறைந்த விலைக்கு நல்ல கருவி கிடைப்பது அரிது அன்று. அதனை அறிந்து தேர்பவரே அரியர்.