அடக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல் மாணவி, கீழ்பென்னாத்தூர்)

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது" என்று நம் ஊர்ப்புறங்களில் ஒரு பழமொழி உண்டு. சொல்பவரும் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். ஆனால் அந்தப் பழமொழியே அன்றாட வாழ்க்கையாகிவிட்ட ஒருவருக்கு அதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் என் தாயார். இரண்டு ஆண்டுகளாக அவர் பட்ட துன்பத்தை நான் அறியாமலேயே இருந்தேன். விலங்கியல் வகுப்பில் கழிவுநீக்க மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்!

சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அம்மாவை அழைத்தேன். "கடலைக்காய் பறிக்க ஆள் இல்லை, நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார். பௌர்ணமிதோறும் தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர், முழங்கால் வலி என்று அதையும் நிறுத்தினார். திருமணத்துக்குப் புறப்படும் நாளில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். உண்மைக் காரணம் ஒன்றே என்பது, ஒரு நாள் திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். புடவை நனைந்திருந்தது. அழுதார். "வயசானா இப்படித்தான், யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அவருக்கு வயது 46.

வயதானால் இப்படித்தானா? இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சிறுநீர்ப்பை எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ முழுவதும் மீண்டும் இரத்தத்திற்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய 1 முதல் 2 லிட்டர் வரையிலான நீர் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பையை அடைகிறது. வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். 150, 200 மில்லி லிட்டர் சேரும்போதே முதல் உணர்வு தோன்றும். ஆயினும் நாம் உடனே எழுந்து ஓடுவதில்லை. ஏன்?

சிறுநீர்ப்பையின் சுவர் 'டெட்ருசர்' என்னும் தசையால் ஆனது. நீர் நிரம்பும்வரை அத்தசை தளர்ந்து, பலூனைப் போல இடம் கொடுக்கிறது. கீழேயுள்ள சுருக்குத் தசை வாயிலை இறுக மூடியிருக்கிறது. வெளியேற்றும் வேளையில் இது தலைகீழாகிறது: டெட்ருசர் சுருங்கும், வாயில் தளரும். இந்த மாற்றத்துக்கு ஆணையிடும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. 1925-இல் பாரிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பூனைகளில் ஆய்ந்து இதனைக் காட்டியதால், அப்பகுதிக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதற்கும் மேலே இருந்துகொண்டு "இப்போது வேண்டாம், பொறு" என்று தடுப்பது பெருமூளை. கைக்குழந்தைக்கு இந்தத் தடை இல்லை. இரண்டு மூன்று வயதில்தான் அது கற்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களும் கற்றுத் தேறிய முதற்பாடம் இதுவே எனலாம்.

பை நிரம்புவதை நரம்புகள் எப்படி உணர்கின்றன என்பது அண்மைக்காலம் வரை தெளிவாகத் தெரியவில்லை. 'பைசோ 2' என்னும் புரதமே நீட்சியை உணர்த்தும் கருவிகளுள் முதன்மையானது என்பது 2020-இல் தெரியவந்தது. இப்புரதக் குடும்பத்தைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி நோய்க்கு வருவோம். பை நிரம்பாத நிலையிலேயே டெட்ருசர் தசை தானாகத் துடிப்பதும், நரம்புகள் அளவுக்கு மீறி எச்சரிப்பதும், மூளையின் தடை தளர்வதும் உண்டு. அப்போது திடீரென்று, தள்ளிப்போட முடியாத அவசரம் தோன்றுகிறது. பகலில் 8 தடவைக்கு மேல் போக நேர்கிறது. இரவில் உறக்கம் கெடுகிறது. சிலருக்குக் கழிப்பறையை எட்டுவதற்குள் கசிந்தும் விடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் 'மிகையியக்கச் சிறுநீர்ப்பை' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். இருமும்போதும் தும்மும்போதும் பளு தூக்கும்போதும் கசிவது வேறு வகை. அது வாயிலைத் தாங்கும் தசைகளின் தளர்ச்சியால் வருவது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

என் தாயாருக்குச் சாவியை நுழைக்கும் வேளையில் ஏன் அவ்வாறு நேர்ந்தது? உளவியல் படிக்கும் நண்பர்கள் பாவ்லாவின் நாயை அறிவார்கள். மணியோசைக்கு அந்த நாய்க்கு எச்சில் ஊறியதைப் போல, வீட்டுக் கதவு, குழாயில் ஓடும் நீரின் சத்தம் ஆகியவை மூளைக்குப் பழகிப்போன அழைப்பு மணிகளாகிவிடுகின்றன. பல நாட்டு மருத்துவர்களும் தம் நோயாளிகளிடம் இதே பூட்டுக் கதையைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது, அம்மா தனியாக இல்லை என்று எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது.

ஆனால் அடிக்கடி நீர் பிரிவதெல்லாம் இந்நோய் ஆகிவிடாது. சர்க்கரை நோயில் நீரின் அளவே மிகுதியாகும், தாகமும் மிகும். நீர்ப்பாதையில் கிருமி தொற்றினால் எரிச்சலும் கடுப்பும் சுரமும் வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, நீர் மெல்லியதாகப் பிரிந்து, முழுவதும் போகாத உணர்வு இருக்கும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் நீர்ப்பாதைத் திசுக்கள் மெலிகின்றன. மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை நெருக்கும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் நீரைப் பிரிக்கும். ஆகவே முதல் வேலை பரிசோதனையே. சிறுநீரையும் இரத்தச் சர்க்கரையையும் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆகக்கூடியது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளை நாடி ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வருபவர்களிடம் வெட்கப்படாமல் இதையும் சொல்லலாம் அல்லவா? சிறுநீரில் இரத்தம் கண்டால், நீர் அறவே பிரியாமல் நின்றால், கால்கள் மரத்தோ வலுவிழந்தோ போனால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை. மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் பிரிந்தது, எப்போது அவசரம் வந்தது என மூன்று நாள்கள் குறிக்க வேண்டும். அம்மா சொல்ல நான் எழுதினேன். மூன்றாம் நாள் முடிவில் அந்த நோட்டு பல உண்மைகளைக் காட்டியது. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போயிருக்கிறார். ஒரு முறைக்கு ஒரு டம்ளர்கூட இல்லை. நாள் முழுவதும் அரைகுறையாகத் தண்ணீர் குடித்துவிட்டு, இரவில் வீடு திரும்பியதும் செம்பு செம்பாகக் குடித்திருக்கிறார். தேநீர் மட்டும் ஐந்து வேளை.

தண்ணீரைக் குறைப்பதுதான் இந்நோயாளிகள் எல்லோரும் செய்யும் முதல் தவறு. குறைத்தால் நீர் செறிந்து பையை மேலும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். வெயிலில் உழைப்பவர்களுக்குக் கல்லடைப்பும் வரக்கூடும். பகலில் பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்வதே முறை. காபியையும் தேநீரையும் குறைப்பது நலம். மாலையில் கால் வீங்குபவர்கள் பிற்பகலில் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்திருந்தால், இரவில் எழுவது குறையும்.

அடுத்தது சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி. இங்கே ஒரு முரண் தோன்றக்கூடும். நம் சித்த மருத்துவம் அடக்கத் தகாத பதினான்கு வேகங்களுள் சிறுநீரையும் ஒன்றாகச் சொல்கிறது. மருத்துவரோ கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார். எது சரி? இரண்டும் சரியே. நிரம்பிய பையை நாள்தோறும் மணிக்கணக்கில் அடக்குவது தீங்கு. ஆனால் பாதிகூட நிரம்பாத பை எழுப்பும் பொய் அழைப்புக்கெல்லாம் ஓடினால், அதன் கொள்ளளவு மேலும் சுருங்கியதைப் போல் ஆகிவிடும். அழும் குழந்தைக்கு உடனுக்குடன் மிட்டாய் கொடுத்துப் பழக்குவது போன்றது அது.

நோட்டில் கண்ட இடைவெளியிலிருந்து தொடங்கி, ஒரு வாரத்துக்கு 15 நிமிடம் வீதம் கூட்ட வேண்டும். இடையில் அவசரம் வந்தால் ஓடக்கூடாது. நின்று, அல்லது உட்கார்ந்து, இடுப்பின் அடித்தளத் தசைகளை ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்தி, நூறிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அவசரம் கடல் அலையைப் போன்றது. உயர்ந்து தானே தாழும். தாழ்ந்தபின் நிதானமாக நடந்து போகலாம். குறைந்தது ஆறு வாரமாவது இப்பயிற்சியைத் தொடர வேண்டும்.

மேலே சொன்ன தசைகளை வலுப்படுத்தும் முறையை 1948-இல் வெளியிட்டவர் ஆர்னல்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். வாயு பிரியாமல் இறுக்குவது போல் அத்தசைகளை உள்ளிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, அதே அளவு ஓய்வு கொடுக்க வேண்டும். இவ்வாறு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்கவோ வயிற்றை முறுக்கவோ கூடாது. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் தவறு. காசு செலவில்லை, களத்துமேட்டில் உட்கார்ந்தும் செய்யலாம், வகுப்பில் உட்கார்ந்தும் செய்யலாம்!

இவற்றால் தீராதபோது மருந்துகள் உண்டு. டெட்ருசரைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனாசின் போன்றவை. இவற்றால் வாய் உலரும், மலம் கட்டும். முதியவர்களுக்கு மறதியும் கூடலாம். மிராபெக்ரான் என்பது தசையைத் தளர்த்தும் வேறு வழியில் செயல்படுவது. இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். எனவே கடையில் தாமாகக் கேட்டு வாங்கி விழுங்குவது முறையன்று.

நண்பர்களே, இது ஒருவரின் உடம்போடு முடிகிற செய்தியன்று. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில், நாள் முழுவதும் நின்றுகொண்டும், போகக் கழிப்பறை இன்றியும், அதற்கஞ்சித் தண்ணீர் குடியாமலும் வேலை செய்த பெண்களை விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரட்டினார். அதன் பயனாக 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாடும் 2021-இல் அவ்வாறே கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. உட்கார ஒரு நாற்காலிக்கும் ஒதுங்க ஒரு கதவுக்கும் போராட வேண்டியிருக்கிறது. நம் ஊர் வயல்களில் கூலி வேலை செய்யும் தாய்மார்களுக்கு அந்தக் கதவும் இல்லை. பொழுது புலரும் முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் என்று பழக்கப்பட்ட உடம்புகள் அவை.

என் தாயாரின் இடைவெளி நான்கு மாதங்களில் ஒரு மணியிலிருந்து இரண்டரை மணி ஆகியிருக்கிறது. நோய் அறவே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரவில் ஒரு முறை எழுகிறார். பூட்டைத் திறக்கும்போது மட்டும் இன்றும் ஒரு நிமிடம் நின்று எண்ணுகிறார்; எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டிக் கீழே வருவதற்குள் அலை தாழ்ந்துவிடுகிறதாம். சென்ற பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். ஈசானிய லிங்கம் வரை இரண்டே முறைதான் ஒதுங்க இடம் தேடினோம். முழங்கால் வலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இக்கட்டுரையைப் படித்துக் காட்டியபோது, "எழுதும்மா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார். இதைப் படிக்கும் மாணவ மாணவியரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயோ தந்தையோ எதை எதைத் தவிர்க்கிறார்கள் என்று சற்றுக் கவனியுங்கள். பஸ் பயணத்தையா, திருமணத்தையா, தண்ணீரையா? பிறகு மெல்லக் கேளுங்கள். அவர்கள் முதலில் மறுக்கக்கூடும், மறுபடியும் கேளுங்கள்.

இவ்வாண்டு விழாவுக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டார்.