இசகாயாவும் நம் கள்ளுக்கடையும்

கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன நம் பாடாங் செராய்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, 'இசகாயாவில் சாப்பிட்டோம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெயர் புதிது, விஷயம் பழையது. 'இ' என்றால் இருத்தல், 'சாகே' என்றால் மது, 'யா' என்றால் கடை. எடோ காலத்து ஜப்பானில் மது வாங்க வந்தவர்கள் கடையிலேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இது. அவர்கள் ஊர்க் கள்ளுக்கடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் சாகே. கள்ளுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. பாளையில் வடியும் பதநீரிலேயே சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்டால் நேராகத் தின்ன முடியாது. அதனால் ஜப்பானியர் 'கோஜி' என்ற பூஞ்சணத்தைச் சோற்றில் வளர்க்கிறார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக மாற்றுகிறது. இது நமக்கும் அந்நியமில்லை. பக்கத்துக் கம்பத்தில் செய்யும் தாப்பாய்க்கு ராகி வில்லையைப் பொடித்துத் தூவுகிறார்களே, அதிலும் பூஞ்சணமும் ஈஸ்டும்தான் கூட்டாக உழைக்கின்றன. சாகேயில் மதுவின் அளவு ஏறத்தாழ 15 விழுக்காடு. கள்ளில் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.

அடுத்தது தட்டு. இசகாயாவில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு சிறு தட்டில் ஏதாவது வரும். பிறகு அவித்த சோயா அவரை, தவ்பூ, நம் சத்தே போலக் குச்சியில் வாட்டிய கோழி என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். வியாபாரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் உடலியலும் இருக்கிறது. மது இரைப்பையில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி சிறுகுடலில்தான் இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் புரதமும் கொழுப்பும் இருந்தால், இரைப்பையின் அடிவாயில் அவற்றை மெதுவாகத்தான் கீழே விடும். வெறும் வயிறென்றால் மது சிறுகுடலுக்குள் மளமளவென்று இறங்கிவிடும்.

கல்லீரலோ அவசரப்படாது. அங்குள்ள ஒரு நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதைத் தீங்கு குறைந்த அசிட்டேட்டாக்குகிறது. இந்த வேலை மணிக்கு இவ்வளவுதான் என்ற கணக்கில் நடக்கும். கருப்புக் காப்பியோ குளிர்ந்த நீரோ அதை விரட்ட முடியாது. ஜப்பானியரில் பலருக்கு இரண்டாவது நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு குவளையிலேயே முகம் சிவந்துவிடும். நம்மவர்களுக்கு அந்தக் குறை அரிது, அதாவது அந்த எச்சரிக்கை மணியும் நமக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் கெடுதல் இல்லை என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம். குறைவது ஏறும் வேகம் மட்டுமே.

கெடா தோட்டங்களுக்கு இது வெறும் பாடமல்ல. 1940களின் பிற்பகுதியில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத்தான் போராடியது. கள்ளுக்குப் பின் வந்த மலிவான சம்சு அதைவிட மோசம். முறையாகக் காய்ச்சாத, எங்கிருந்தோ வந்த மதுவில் சில வேளை மெத்தனால் கலந்திருக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் இறந்தது இதனால்தான்.

மெத்தனாலுக்கும் மது போன்ற வாசனைதான், நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. கல்லீரலில் அதே முதல் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதற்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள்தான் வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனிமூட்டம் என்று சொல்வார். 'நேற்றைய மப்பு' என்று வீட்டார் விட்டுவிடுவது இங்கேதான்.

மருத்துவமனையில் அந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அளந்து எத்தனாலே கொடுப்பார்கள். நொதிக்கு எத்தனால்மேல் நாட்டம் அதிகம் என்பதால், மெத்தனால் தீண்டப்படாமல் காத்திருக்கும். அதற்குள் இரத்தத்தைச் சுத்திகரித்து அதை வெளியேற்றுவார்கள். இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல், முடிந்தால் மிச்சமுள்ள போத்தலையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோங்கள்.