காரைக்காலில் காடு இருக்கிறதா?

காரைக்கால் என்றதும் மாங்கனித் திருவிழா நினைவுக்கு வரும். திருநள்ளாறு, கடற்கரை, துறைமுகம் என்று அடுத்தடுத்து சொல்வார்கள். காடு என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்! சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகம் மட்டும் புதுச்சேரி என்றிருக்கும் இந்தச் சின்ன மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வயலும் ஊரும்.

ஆனால், அரசலாறு கடலைத் தொடும் கழிமுகத்துச் சேற்றில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. பென்சில் நட்டு வைத்ததுபோல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களுக்கு நடுவேதான் இறால் குஞ்சுகளும் நண்டுகளும் வளர்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த கடற்கரை இது. கரையில் நிற்கும் மரத்தின் மதிப்பு இங்கே யாருக்கும் பாடம் எடுத்துப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்தச் சேற்று நிலத்தை நாளை ஒருவர் வேறு வேலைக்கு எடுக்க நினைத்தால், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அந்த நிலம் சட்டப்படி காடா, இல்லையா என்பதைப் பொறுத்தே பதில்.

1980 அக்டோபர் 25-ம் தேதி வந்தது வனப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக்கூடாது என்றது. எது வனம் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கக் காரணமானது நம் கூடலூர்க் காடுதான். நீலகிரியின் அந்தக் காட்டில் மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார், நிலம்பூரைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், ‘நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதிப்படி அது காடு என்றால் காடுதான்’ என்ற பொருளில் உத்தரவிட்டது.

அனுமதி கேட்பவர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் கட்டத்தில் நிபந்தனைகளோடு கொள்கை ஒப்புதல், அவற்றை நிறைவேற்றிய பிறகே இறுதி ஒப்புதல். காட்டின் நிகர மதிப்பாக ஹெக்டேருக்கு சுமார் ரூ.9.57 லட்சம் முதல் ரூ.15.95 லட்சம் வரை கட்ட வேண்டும் என 2022-ல் கட்டணம் திருத்தப்பட்டது. பொதுவாக, எடுக்கும் பரப்புக்கு ஈடாக காடல்லாத நிலத்தையும் தந்து அங்கே மரம் வளர்க்க வேண்டும். டெல்டாவில் அதற்கு எங்கே போவது? கழிமுகத்தில் வெட்டிவிட்டு எங்கோ ஒரு மேட்டுநிலத்தில் நட்டால், கணக்கு வேண்டுமானால் சரியாகும். இறால் குஞ்சு அங்கே போகுமா? இத்தனைக்கும், சட்டத்தை மீறுபவருக்கு அதிகபட்சத் தண்டனை 15 நாள் சாதாரண சிறைதான்!

2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெயரே ‘வன் (சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்) அதினியம்’ என்று மாறிவிட்டது. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பெயரைவிடப் பெரிய மாற்றம், வனமாக அறிவிக்கப்பட்ட நிலமும் அரசுப் பதிவேட்டில் வனம் என்று இருக்கும் நிலமும் மட்டுமே இதற்குள் வரும் என்பது. பதிவேட்டில் ஏறாத காடுகளின் கதி என்ன என்று வழக்கு போனது. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் முழுப் பட்டியலைத் தயாரிக்கும்வரை 1996-ம் ஆண்டு விளக்கமே தொடரட்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கண்டலுக்கு இன்னொரு வேலியும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதை மிக உணர்திறன் மிக்க பிரிவில் வைத்திருக்கிறது. 2019 அறிவிக்கைப்படி, ஏதேனும் திட்டத்தால் கண்டல் அழிந்தால், அழிந்த பரப்பைப்போல மூன்று மடங்காவது நட வேண்டும். பதிவேட்டில் வனமாகவும் இருக்கும் கண்டல் நிலம் என்றால், கடலோர அனுமதியோடு வன அனுமதியும் தனியாக வாங்கியாக வேண்டும்.

பரிவேஷ் தளத்தில் விண்ணப்பங்களின் நிலையைப் பொதுமக்களும் பார்க்கலாம். புதுச்சேரி என்று தேர்வு செய்தால், உங்கள் ஊருக்கு ஏதேனும் வந்திருக்கிறதா என்று கைபேசியிலேயே தெரிந்துகொள்ளலாம்.