12 பேர் ஏறினால்தான் வண்டி கிளம்பும்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி மாணவி கைப்பேசி கேம் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுமலைக்குப் பேருந்து ஓட்டும் கேம். 18 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே வாழைத்தார் ஏற்றி இறங்கும் லாரி, ஏற ஏற வழியை மறைக்கும் பனி. அவருடைய கைப்பேசியில் அருமையாக ஓடுகிறது. ஆனால் நாளைக்கே பிளே ஸ்டோரில் வெளியிட முடியாது. முதலில் 12 பேரைப் பிடித்து வர வேண்டும்.

இது கூகுள் வைத்த விதி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்கள், குறைந்தது 12 பேரைச் சோதனையாளர்களாகச் சேர்த்து, அவர்களைத் தொடர்ந்து 14 நாள் வைத்திருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தொடக்கத்தில் 20 பேர் என்று இருந்தது. 2024 டிசம்பரில் குறைத்தார்கள். இந்தச் சோதனைப் பதிப்புக்குப் பெயர் பீட்டா. இன்னும் முடியாத ஒரு பொருளை, நாம் நினைத்தவர் கையில் மட்டும், வழியில் யாரும் கை வைக்காமல் சேர்ப்பது எப்படி? பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும்.

நமக்கு உடனே தோன்றும் வழி வாட்ஸ்ஆப். முழு கேமையும் ஏபிகே என்ற ஒரே பொட்டலமாகக் கட்டி நண்பருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் வழியில் யாராவது பொட்டலத்தைப் பிரித்து, உளவு பார்க்கும் நிரல் ஒன்றைச் செருகிவிட்டால்?

அதற்கான காவல் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. கேமின் எல்லாக் கோப்புகளையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்தால் 64 எழுத்து நீளத்தில் ஒரு குறி வரும். இதைச் சுருக்கக்குறி எனலாம். பேருந்தின் நிறத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் குறி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இப்படி வரக்கூடிய குறிகள் எத்தனை என்று எழுதினால் அது 78 இலக்க எண். இந்தக் குறியின் மேல் மாணவி தன் ரகசியச் சாவியால் மின்கையொப்பம் இடுகிறார். திண்டுக்கல் பூட்டில் பூட்டுவதும் திறப்பதும் ஒரே சாவி. இங்கே சாவி இரண்டு. கையொப்பமிடும் சாவி மாணவியிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் சாவி பொட்டலத்தோடு ஊரெல்லாம் போகும். அதை வைத்துக்கொண்டு கையொப்பம் உண்மையா என்று பார்க்கலாம், போலிக் கையொப்பம் போட முடியாது.

முதல் முறை கேமை நிறுவும்போதே கைப்பேசி அந்தச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த பதிப்பு வேறு சாவியோடு வந்தால் உள்ளே விடாது. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகளுக்குக் கடைசிக் கையொப்பத்தைக் கூகுளே இடுகிறது. வாட்ஸ்ஆப்பில் போனதோ மாணவியின் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டது. எனவே நண்பர் பழையதை நீக்காமல் கடைப் பதிப்பை ஏற்ற முடியாது. நீக்கினால், பதினேழாவது வளைவுவரை ஓட்டிவந்த கணக்கு பெரும்பாலும் அதோடு போயிற்று. முதல் நாளிலிருந்தே கடையின் வழியாக அனுப்புவதுதான் நல்லது.

கடைக்குள்ளே மூன்று வாசல்கள் உண்டு. உள்வட்டச் சோதனைக்கு 100 பேர் வரை. காலையில் பிழை திருத்திய பதிப்பு சில நிமிடங்களில் அவர்களிடம் போய்ச் சேரும். அடுத்தது மூடிய சோதனை. மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும், நம் 12 பேர் வருவது இந்த வழியாகத்தான். மூன்றாவது திறந்த சோதனை. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கையை நிறுத்தவும் செய்யலாம். அந்த நிறுத்தத்தை இந்தியாவே ஒருமுறை பார்த்தது. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட பிறகு, கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூன் 17-ல் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவின் சோதனைப் பதிப்பைத் திறந்தது. இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். எல்லாருக்குமாக வெளியானது ஜூலை 2-ல். இடையில் 15 நாள்.

ஐபோனில் கெடுபிடி அதிகம். டெஸ்ட்ஃப்ளைட் என்ற செயலி வழியாக வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 90 நாள்தான். அதற்குப் பின் அது தானாகவே திறக்க மறுக்கும்.

சரி, கேம் கையில் கிடைத்துவிட்டது. இந்த 12 பேரும் அப்படி என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கைப்பேசிகளில் அது செல்லாது. ஒவ்வொரு பருக்கையும் வேறு வேறு பானையில் வெந்தது. திரை வேறு, நினைவகம் வேறு, சிப் வேறு. சூடும் ஒரு சோதனைதான். கேம் நொடிக்கு 60 படம் வரைகிறது என்றால், நாம் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் பத்துக்கு மேற்பட்ட படங்கள் தயாராக வேண்டும். மே மாத மதியத்தில், பேருந்து நிலையத்தில் நின்றபடி விளையாடினால், கொதிக்கும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வளைவில் வண்டி திக்கித் திக்கித் திரும்பும். குளிரூட்டிய அறையில் சோதித்துப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த பிழை இன்னொன்று. மலை உச்சியைத் தொட்டதும் திரையில் ‘வெற்றி’ என்று வர வேண்டும். கணினியின் சேமிப்பில் ‘வ’ முதலில் இருக்கும், கொம்பு அதற்குப் பின்னால் இருக்கும். திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது தனி வேலை. குறுஞ்செய்தியில் அது தானாக நடந்துவிடுகிறது. கேம் செய்ய உதவும் மென்பொருள்கள் பலவற்றில் நடப்பதில்லை. வகரத்தைத் தாண்டிப் போன கொம்பு, றகரத்தின் முன்னால் போய் நிற்கும். கேம் முடங்காது, பிழைச் செய்தி எதுவும் வராது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஆயிரம் பேர் விளையாடினாலும் யார் கண்ணிலும் படாது. நாகல்நகரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான்.

கேம் பாதியில் நின்றுபோனால் யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. எந்த மாதிரிக் கைப்பேசி, எவ்வளவு நினைவகம் மிச்சம் இருந்தது, நிரலின் எந்த வரியில் மூச்சு நின்றது என்று ஒரு சிறு அறிக்கை, அதற்கான வசதியைச் சேர்த்திருந்தால், மாணவியின் கணினிக்குப் போய்விடும்.

வெளியான பிறகும் இந்த எச்சரிக்கை ஓய்வதில்லை. திருத்திய பதிப்பை முதலில் 100-க்கு 5 பேருக்கு மட்டும் அனுப்பலாம். கோளாறு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பெற்றுவிட்டவர்களைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வழியில்லை. பதிப்பு எண் ஏறுமுகத்தில் மட்டுமே போகும். பழையதே நன்றாக இருந்தது என்றாலும், அதற்குப் புதிய எண் கொடுத்துத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதீர்கள். அதில் இருக்கும் கையொப்பம் மோசடிக்காரருடையதாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிளே ஸ்டோரின் சோதனை இணைப்பைக் கொண்டுவந்து நீட்டினால் சேர்ந்துகொள்ளுங்கள். 14 நாள் முடிவதற்குள் விலகிவிடாதீர்கள்.